திருவல்லிக்கேணியில் உட்கார இடம்

(வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பேட்டையில் பார்க்கத்தக்க இடங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாவை நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பார்க்கத்தக்க இடங்களை வெளியூர் யாத்ரிகர்களும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பேட்டையிலேயே குடியிருப்பவர்களுக்கு வேண்டியவை போய் உட்காரத்தக்க இடங்கள். ஆகையால் தலைப்பைச் சற்றே என் மனம்போல் திருப்பிக்கொண்டு, மாறிவரும் திருவல்லிக்கேணியில் உட்காருவதற்கு எஞ்சியிருக்கும் இடங்கள் எவை என்று விசாரிக்கப் போகிறேன்.

ஒரு பேட்டை உயிரோடு இருக்கிறது என்பதை எதைக்கொண்டு அறிவது? கட்டடங்களின் உயரத்தைக் கொண்டா? கடைகளின் வெளிச்சத்தைக் கொண்டா? மனை விலையைக் கொண்டா? இவை ஒன்றையும் கொண்டல்ல என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். காரியம் ஒன்றுமில்லாத ஒரு மனிதன், கையில் காசில்லாமலும், எவரிடமும் அனுமதி கேளாமலும், 'நீ யார், எந்த ஊர், இங்கே உனக்கு என்ன வேலை?' என்ற கேள்விக்கு ஆளாகாமலும், அரைமணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து எழுந்து போவதற்கு எந்தப் பேட்டையில் இடம் இருக்கிறதோ, அந்தப் பேட்டையைத்தான் உயிருள்ள பேட்டை என்பேன்.

ஒரு காலத்தில் இந்த விசாரணைக்கே அவசியம் இருந்ததில்லை. ஏனென்றால் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. சிங்கராச்சாரி தெருவிலும், பேயாழ்வார் கோயில் தெருவிலும், துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவிலும் அந்தத் திண்ணைகளைக் கண்டவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். மரத்தூண் இரண்டு, மேலே ஓட்டுத் தாழ்வாரம், பல தலைமுறைகள் அமர்ந்து அமர்ந்து வழவழப்பேறிய தரை, ஓர் ஓரத்தில் தலை சாய்ப்பதற்கென்றே சரிவாகக் கட்டிய மேடு. காலையில் தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்து இளைப்பாறியதும் அங்கேதான். நடுப்பகலில் தபால்காரர் கடிதங்களைப் பிரித்து அடுக்கியதும் அங்கேதான். மாலையில் வீட்டுக்காரர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எதிர்வீட்டுக்காரரும் வழிப்போக்கரும் கேட்டுவிட்டு அபிப்பிராய பேதம் கொண்டதும் அங்கேதான். இரவில் ஊருக்குப் புதிதாக வந்தவன் துண்டை விரித்துப் படுத்ததும் அங்கேதான். வீடு தனக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு பாகத்தைத் தெருவுக்கு இனாமாகக் கொடுத்திருந்தது. அதற்கு சாஸனமும் இல்லை, பத்திரமும் இல்லை.

அந்தத் திண்ணைகள் ஏன் போயின? யாரையும் பழித்துப் பேச நான் வரவில்லை. ஒரே வீட்டுக்கு வாரிசுகள் எட்டுப் பேரானால், பாகம் பிரிப்பதற்கு வீட்டை இடிப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இருப்பதில்லை. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, ஒழுகும் ஓட்டை மாற்றக் கொத்தனாரும் கிடைக்காமல், தள்ளாத வயதில் பெற்றோர் எத்தனை மழைக்காலம் தாங்குவார்கள்? வீடு இடிகிறது, நான்கு மாடி எழும்புகிறது, கீழ்த்தளம் முழுவதும் வாகனங்கள் நிறுத்துவதற்கென்று ஒதுக்கப்படுகிறது. திண்ணை இருந்த இடத்தில் இன்று இரும்புக் கதவு இருக்கிறது. குடியிருப்பவர்களுக்கு அதனால் காற்றும் குழாய்த் தண்ணீரும் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. தெருவுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்கிறேன்.

திண்ணை போனால் போகட்டும், இன்னும் என்ன இருக்கிறது? வாருங்கள், நடந்து பார்ப்போம்.

முதலில் பார்த்தசாரதி கோயிலுக்குப் போவோம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ள கோயில் அது. மூலவர் வேங்கடகிருஷ்ணன் கம்பீரமான மீசையோடும், சங்கம் மாத்திரமே ஏந்திய கையோடும், ருக்மிணிப் பிராட்டி, பலராமர் முதலிய குடும்பத்தார் சூழ நிற்கிறார். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்புகள் பட்ட வடுக்கள் இருக்கின்றன. சாரதியாக வந்தவன் ஆயுதம் எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்கையும், அந்த வாக்கின் பொருட்டுப் பட்ட காயத்தையும் ஒருங்கே காட்டி நிற்கும் சந்நிதி இது. தரிசனம் செய்யுங்கள். செய்துவிட்டு உடனே வீடு திரும்பாதீர்கள். கோபுர வாசலுக்கு எதிரே தூண்கள் நிறைந்த மண்டபம் ஒன்று இருக்கிறதே, அங்கே மாலை ஆறு மணிக்கு மேல் சற்று உட்காருங்கள்.

அங்கே என்ன காண்பீர்கள்? மேல்துண்டால் கல்லை ஒருமுறை தட்டிவிட்டு உட்காரும் முதியவர் ஒருவர். சரம் தொடுத்தபடியே விலை சொல்லும் பூக்காரி. அவள் விரல்கள் நாரைச் சுழற்றும் வேகத்தை வாய் பிளந்து பார்க்கும் குழந்தை. அந்தக் குழந்தையைத் தேடி வரும் தாய். ஸ்வாமி புறப்பாட்டு நாளானால் முன்னே பிரபந்த கோஷ்டி ஒரே குரலாக அருளிச்செயலைச் சேவித்துக்கொண்டு செல்ல, பின்னே வேத பாராயணம் தொடர, நடுவில் பெருமாள் அசைந்து வருவார். புறப்பாடு இல்லாத நாளிலும் மண்டபம் காலியாக இருப்பதில்லை. தமிழ் மாத்திரம் தெரிந்தவரும் தெலுங்கு மாத்திரம் தெரிந்தவரும் அருகருகே அமர்ந்து ஒருவருக்கொருவர் மணி என்ன என்று கேட்டுக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். மாசி மாதத்துத் தெப்போத்ஸவத்தின்போது குளக்கரையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், நான்கு மாடிகளில் கதவடைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் எல்லோரும் தெருவுக்கு வரும் ஆசையை மனத்துக்குள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

கோயிலை விட்டு மேற்கே நெடுஞ்சாலைக்கு வாருங்கள். அங்கே வாலாஜா பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் கட்டியது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பியது. அதன் காலத்தைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் உள்ளே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செய்யுளைப் பாடியவர் யார் தெரியுமா? ராஜா மக்கன்லால் என்னும் ஹிந்து. நவாபின் சமஸ்தானத்தில் முன்ஷியாக இருந்தவர். பள்ளிவாசலில் தொழ வருகிறவன் ஒவ்வொருவனும் ஒரு ஹிந்துவின் செய்யுளுக்கு எதிரே நின்று தொழுகிறான். இதைப் பற்றி இந்தப் பேட்டையில் யாரும் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை. இயல்பாகிவிட்ட காரியத்தை யார் பேசுவார்கள்?

ரமலான் மாதத்தில் மாலை வேளையில் அந்த விசாலமான முற்றத்துக்குப் போய்ப் பாருங்கள். மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி அன்பர்கள், தங்கள் இடத்தில் சமைத்த சைவ ஆகாரத்தை எடுத்து வந்து நோன்பு திறப்பவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். தேசப் பிரிவினையால் சொந்த மண்ணை இழந்து சென்னைக்கு வந்து சேர்ந்த ஜனங்களின் கைங்கரியம் இது. பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. வரிசையாகப் பாய் விரித்திருக்கும். மேன்ஷன் அறைகளில் தங்கி வேலை பார்க்கும் பையன்களும், முதியவர்களும், வழிப்போக்கர்களும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். பாங்கு ஒலிக்கும் வரையில் எதிரே இருக்கும் தட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். பசித்த மனிதர்கள் இத்தனை பேர், உணவு எதிரே இருக்க, இத்தனை சாந்தமாக உட்கார்ந்திருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதே வளாகத்தில்தான் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அவர்கள் அடக்கமாகியிருக்கிறார். வெளியே ஓடும் நெடுஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அந்த நெடுஞ்சாலையிலேயே பசியாறவும் ஓர் இடம் உண்டு. 1948 முதல் நடந்துவரும் ரத்னா கஃபேயைச் சொல்கிறேன். காசு கொடுத்து உட்காரும் இடமாயிற்றே, உன் லக்ஷணத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு இட்டிலிக்குக் காசு கொடுத்தவனுக்கு அங்கே சாம்பார் கணக்குப் பார்த்து வார்ப்பதில்லை. பரிமாறுகிறவர் பெரிய கூஜாவைச் சாய்த்தால், வெள்ளை இட்டிலியின் விளிம்பு மறைந்து, சின்ன வெங்காயம் மிதந்து, தட்டின் ஓரம் வரையில் தளும்பி நின்ற பிறகுதான் நிமிர்த்துவார். கேட்டால் மறுபடியும் சாய்ப்பார். காலியான நாற்காலி எந்த மேஜையில் இருக்கிறதோ அங்கே முன்பின் அறியாதவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஸ்பூனை நீட்டுவதிலும் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைப்பதிலும் ஒரு சிறு சிநேகிதம் உண்டாகிவிடுகிறது. அந்தச் சிநேகிதம் பத்து நிமிஷம் நீடித்தால் போதும்.

இனி பாரதி சாலை. பைகிராஃப்ட்ஸ் சாலை என்றே இன்னும் பலருக்கு வாயில் வருகிறது. அந்தச் சாலையின் பெரும் செல்வம் நடைபாதையில் இருக்கிறது: பழைய புத்தகக் கடைகள். முன்பு அங்கே ஸ்டார் தியேட்டர் இருந்தது, இன்று இல்லை. புத்தகக் கடைகள் குறைந்திருக்கின்றன, ஆனால் இருக்கின்றன.

இந்தக் கடைகளுக்கும் நான் முதலில் சொன்ன திண்ணைகளுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. எந்தத் தெருவில் பழைய வீடு இடிகிறதோ, அந்த வீட்டு அலமாரி சில வாரங்களில் இங்கே வந்து சேருகிறது. ஒரு நாள் மாலை அப்படி வந்த ஒரு தொகுதியை எடுத்துப் பிரித்தேன். கல்கி பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்தில், வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தடித்த ஊசியால் தைத்து, காலிகோ துணி ஒட்டி யாரோ ஒரு குடும்பத்தார் பைண்டு செய்து வைத்தது. மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருந்தன. ஒரு பக்கத்தின் பின்புறத்தில் பாதியில் அறுந்த நகைச்சுவைத் துணுக்கு. மற்றொரு பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம். ஓரிடத்தில் நடுவே ஓர் அத்தியாயம் குறைந்திருந்தது. அந்த வாரத்துப் பத்திரிகை தவறிப்போயிருக்க வேண்டும். தவறிய அத்தியாயத்தை அந்த வீட்டுப் பெண்மணி ஒருவர், யாரிடமிருந்தோ இரவல் வாங்கி, நோட்டுத் தாளில் ஊதா மசியால் முழுவதும் பிரதி செய்து, அதற்குரிய இடத்தில் சேர்த்துத் தைத்திருந்தார். எழுத்து நெருக்கமாக, சாய்வாக, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. அடியில் தமது பெயரைக்கூட எழுதவில்லை. எழுதியவர் பெண்மணிதான் என்று எப்படிச் சொல்கிறேன்? தாளின் மறுபக்கத்தில் அதே கையெழுத்தில் சலவைக் கணக்கு இருந்தது. புடைவைகளைத் தனியாகவும் வேஷ்டிகளைத் தனியாகவும் எண்ணி எழுதியிருந்தார். கடைக்காரர் ஒரு குறுமுக்காலியை என் பக்கம் தள்ளி, "உட்கார்ந்து பாருங்க சார், வாங்கலேன்னாலும் பரவாயில்லை" என்றார். மாநகரத்தின் எந்தக் குளிரூட்டிய அங்காடியில் இந்த வார்த்தையைக் கேட்க முடியும்? பெரியோர்களே, அந்த முக்காலியும் ஒரு திண்ணைதான்!

இப்படி மனிதர்கள் கூடி உட்கார்ந்ததால் இந்தப் பேட்டையில் விளைந்தவை கொஞ்சமா? 1878ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிய ஆறு இளைஞர்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 'தி ஹிந்து' பத்திரிகையின் முதல் இதழை எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தாம் பின்னர் 'சுதேசமித்திர'னையும் தொடங்கினார். 1900இல் பார்த்தசாரதி சுவாமி சபா இங்கே உதயமாயிற்று. 1904இல் சில மத்தியதரக் குடும்பத்தார் கூடி, கலப்படமில்லாத அரிசி பருப்பை நியாய விலைக்கு வாங்க வழி தேடி ஏற்படுத்திய கூட்டுறவுப் பண்டகசாலை தேசத்துக்கே முன்மாதிரியாயிற்று. இவை ஒருபுறமிருக்க, இங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த இயற்பியல் அறிஞர் சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். கணித மேதை ராமானுஜன் சீமைக்குக் கப்பலேறும் முன்னர் அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தார். இவற்றையெல்லாம் விஸ்தரிக்க இன்று நேரமில்லை.

ஆனால் பாரதியார் இல்லத்தைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் அவர் கடைசியாக வாழ்ந்து, 1921 செப்டம்பரில் உயிர் நீத்த வீடு, 1993இல் அரசினரால் நினைவில்லம் ஆக்கப்பட்டது. கோயில் யானை தள்ளியதால் அவர் மாண்டார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள், அது சரியன்று. அந்தக் காயத்திலிருந்து அவர் தேறினார். தேறியபின் ஈரோட்டுக்கு அருகிலுள்ள கருங்கல்பாளையத்துக்குப் போய், அங்கிருந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டுத் திரும்பினார். அப்புறம் கண்ட வயிற்று நோயே அவரைக் கொண்டுபோயிற்று. வாசகசாலை ஆண்டு விழாவென்றால், அன்பர்களே, இதைப் போன்றதொரு விழாதான்! உடம்பு நலிந்திருந்தும் ரயிலேறிப் போய் அவர் பேசியது இதைப் போன்ற ஒரு கூட்டத்தில்தான். பாரதியார் இல்லத்துக்கு நீங்கள் போகும்போது சுவரிலுள்ள புகைப்படங்களை மாத்திரம் பார்த்துவிட்டு வெளியேறாதீர்கள். அங்கே அமர்ந்து ஏதேனும் ஒரு பக்கம் படியுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையையும் உடன் அழைத்துச் சென்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் கடல். கடற்கரைச் சாலைமேல் வட்டமாக நிற்கும் வெள்ளைக் கட்டடத்தை ஐஸ் ஹவுஸ் என்பார்கள். அமெரிக்காவில் குளிர்காலத்து ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிப்பதற்காக 1842இல் எழுந்த கட்டடம் அது. 1897இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் அங்கே தங்கினார். ஆகையால் இன்று விவேகானந்தர் இல்லம். இடைக்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவைகளை அங்கே வைத்துக் காப்பாற்றிப் படிக்க வைத்தார் என்பதை ஏனோ அடிக்கடி மறந்துவிடுகிறோம். வெளியே தலைகாட்டக் கூடாதென்று சமூகம் விதித்திருந்த சிறுமிகள், கடற்காற்று வரும் ஜன்னல் ஓரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தார்களே, அதைவிட மகத்தான உட்காருதல் இந்தப் பேட்டையின் சரித்திரத்தில் வேறு உண்டா?

சாலையைக் கடந்தால் மணல். கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில் கடற்கரை உலாச்சாலை அமைந்தது. அதன் பின்னர் திலகர் கட்டத்தில் தேச பக்தர்கள் பேச, ஆயிரக்கணக்கானோர் மணலிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். இன்றும் பத்துக்குப் பத்து அறையில் மூன்று கட்டில்களுக்கு நடுவே வாழும் மேன்ஷன் இளைஞனுக்கு, ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசினால், மனம்விட்டுப் பதில் சொல்ல அந்த மணல்தான் இடம். தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்தவனும், வடநாட்டிலிருந்து வந்தவனும், தேர்வுக்குப் படிப்பவனும், வேலை தேடிக் களைத்தவனும் அங்கேதான் உட்காருகிறார்கள். நேற்று வந்தவர்கள் என்று அவர்களை ஒதுக்காதீர்கள். இந்தப் பேட்டையில் யாருடைய பாட்டனாரும் என்றோ ஒரு நாள் நேற்று வந்தவர்தாம். 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலியில் செல்வோர் அலையோரம் வரை போவதற்கு மரப்பாதை ஒன்று அமைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் செப்பனிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் சாலையோரத்திலிருந்தே கடலைப் பார்த்தவர்கள் அதன் வழியாக நீர் ஓரம் போய்ச் சேர்ந்தார்கள். மாறுதல் என்றால் இடிப்பது மாத்திரம் அல்ல என்பதற்கு இந்த மரப்பாதை சாட்சி.

மாறுதல் வரட்டும். கால்வாய்மேல் தூண்கள் நட்டுப் பறக்கும் ரயில் வந்தது. நாமும் அதில் ஏறினோம். இன்னும் எத்தனையோ வரும். நான் கேட்பது ஒன்றுதான். அது பெரிய காரியம் அன்று. இந்தச் சபையில் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்ட உத்தேசித்திருப்பவர்கள் சிலர் இருக்கக்கூடும். வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்னால் உங்கள் இஞ்சினீயரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மதிற்சுவருக்கு உள்ளே அல்ல, வெளியே தெருவைப் பார்த்தாற்போல், உங்கள் நிலத்துக்குள்ளேயே ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு கல்மேடை வையுங்கள், மேலே கையகலம் நிழல் கொடுங்கள். அதற்காக மதில் ஒன்றரை அடி பின்வாங்க வேண்டியிருக்கும். வாங்கட்டும். குடியிருப்போர் சங்கத்தார் இரும்புமுள் பதிக்கலாம் என்று யோசனை சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். பழைய வீட்டின் திண்ணைக் கல்லைக் கொத்தனார் விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாமல், அதையே மேடைக்கு மேல்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள்; செலவும் மிச்சம். முதன்முதலில் சம்மதிப்பவர் யாராக இருந்தாலும், அந்த மேடையைக் கட்டும் கூலியில் ஒரு பாதியை நான் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலிலேயே நிற்பேன், வந்து சொல்லுங்கள்.